பிளாக் வால்நட் பலகை நம்ம ஊர்க் காற்றுக்குத் தாங்குமா?

கொடுங்கையூர்_வீடு · ஆகஸ்ட் 19, காலை 10.40

அமெரிக்கன் பிளாக் வால்நட். தேக்கை விட உசத்தி, கரையான் கிட்டயே வராது, ஆயுசுக்கும் நிறம் மாறாது என்று மரக்கடையில் சொல்கிறார்கள். எனக்கு மூன்று வேலை இருக்கிறது: தலைவாசல் நிலை, 6 அடிக்கு 3 அடி சாப்பாட்டு மேசை, பையனுக்கு ஒரு கேரம் போர்டு சட்டம். மூன்றுக்கும் ஒரே மரமாக எடுத்துவிடலாமா?

இழைப்புளி · ஆகஸ்ட் 19, பகல் 1.15

மேசைக்கு எடுங்கள். நிலைக்கு வேண்டாம். கேரம் சட்டத்துக்கும் வேண்டாம்.

கரையான் பேச்சை முதலில் முடித்துவிடலாம். பிளாக் வால்நட்டின் வைரப் பகுதி, அதாவது நடுவில் இருக்கும் கறுத்த பகுதி, பூஞ்சை, அழுகலை நன்றாகத் தாங்கும். அமெரிக்க மர நூல்களில் அதற்கு நல்ல பெயர் உண்டு. அழுகலைத் தாங்குவது வேறு, பூச்சியைத் தாங்குவது வேறு. வால்நட்டைப் பூச்சி தின்னும். வெளுப்பாக இருக்கும் ஓரப் பகுதியை மாவு வண்டு தேடிவந்து துளைக்கும். கொடுங்கையூர் மண்ணில், தரையை ஒட்டி நிற்கிற நிலைக்காலுக்கு இதை வைப்பது நல்ல மரத்தை வீணாக்குவது. அங்கே தேக்கோ வேங்கையோ போடுங்கள். பழைய வீடு இடிக்கிற இடத்தில் பர்மா தேக்கு உத்திரம் கிடைத்தால் இன்னும் நல்லது.

தேக்கை விட உசத்தி என்பதற்கு அர்த்தமே இல்லை. இரண்டும் வேறு வேறு வேலைக்கு.

வால்டாக்ஸ்_மரம் · ஆகஸ்ட் 19, இரவு 9.05

பணம் கட்டுறதுக்கு முன்னாடி, அது பிளாக் வால்நட்தானான்னு பாருங்க. நம்ம மார்க்கெட்ல வால்நட்னு சொல்ற சரக்கு பல வகை.

வாகை மரத்துக்கு ஈஸ்ட் இண்டியன் வால்நட்னு பழைய வியாபாரப் பேர் இருக்கு. ஆப்பிரிக்கன் வால்நட்ங்கறது மகோகனி குடும்பம். பிரேசிலியன் வால்நட்னா இப்பே, வெளித்தரைக்குப் போடுற இரும்பு மாதிரி கனமான மரம். காஷ்மீர் வால்நட் நெசமான வால்நட் இனம்தான், அக்ரூட் பருப்பு காய்க்கிற மரம், ஆனா பிளாக் வால்நட் கிடையாது. இதெல்லாம் போக, ரப்பர் மரத்துல வால்நட் கலர் அடிச்சு விக்கிறது தனி.

நீங்க கேக்கறது ஜூக்லான்ஸ் நைக்ரா. அமெரிக்காவோட கிழக்குப் பாதி: ஒஹாயோ, இண்டியானா, மிசௌரி, கென்டக்கி, அயோவா பக்கம். பில்லுல அந்தத் தாவரப் பேரை எழுதிக் கேளுங்க. எழுத யோசிச்சா விட்டுடுங்க.

காசிமேடு_ஆசாரி · ஆகஸ்ட் 20, காலை 7.30

பில்லை அப்புறம் பாரு. மரத்தோட தலைப்பைப் பாரு. உளியை நல்லா தீட்டி, பலகை முனையில குறுக்கா ஒரு சீவு சீவிட்டு, எச்சில் தடவிப் பாரு.

வால்நட்ல ஒவ்வொரு வருச வளையத்துலயும் முதல்ல பெரிய துளை, போகப்போகச் சின்னது. வாகையில துளை பெருசா, எண்ணிக்கை கம்மியா, எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருக்கும். ஒவ்வொரு துளையைச் சுத்தியும் வெளிறின வளையம் தெரியும், வெறும் கண்ணுக்கே தெரியும். வாகை இழைக்கறப்போ தும்மல் வரும் பாரு, மூக்கு எரியும். இழை மாறி மாறி ஓடும்.

ரப்பர் மரத்துக்கு இதெல்லாம் வேணாம். மறைவான இடத்துல 80 நம்பர் உப்புத்தாள் நாலு தேய் தேய். உள்ள வெள்ளை.

மணலி_32 · ஆகஸ்ட் 20, காலை 11.20

வினிகர்ல இரும்பு நார் ஊறவெச்சு அந்தத் தண்ணியைத் தடவினா கறுத்துடுச்சுன்னா வால்நட். வீட்லயே செய்யலாம்.

இழைப்புளி · ஆகஸ்ட் 20, மாலை 4.00

கறுக்கும். ஆனால் கறுத்தால் வால்நட் என்று முடிவு கட்ட முடியாது. டானின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கிற எந்த மரமும் இரும்போடு சேர்ந்தால் கறுக்கும், கருவேலம் வால்நட்டை விடவே கறுக்கும். ரப்பர் மரம் போல டானின் குறைந்ததை ஒதுக்க மட்டும் அது உதவும். மரம் எது என்று தெரிய ஆசாரி சொன்ன தலைப்புச் சோதனைதான் சரி. இருபது ரூபாய் பூதக்கண்ணாடி ஒன்று கையில் இருந்தால் போதும்.

டானின் விஷயம் வேறு இடத்தில் முக்கியம். வினிகரே வேண்டாம், ஈரமும் இரும்பும் சேர்ந்தாலே வால்நட்டில் நீலக்கறுப்புக் கறை விழும். சாதா இரும்புத் திருகாணி போடக்கூடாது. பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகு. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் மாதிரிக் கடலோர வீடுகளில் 304 எஃகுகூட உப்புக்காற்றில் புள்ளி விழுகிறது. 316 கிடைத்தால் அதைப் போடுங்கள்.

கொடுங்கையூர்_வீடு · ஆகஸ்ட் 21, காலை 9.10

தலைப்பைச் சீவிப் பார்த்தேன். வளையம், பெரிய துளை, சின்னத் துளை எல்லாம் ஆசாரி சொன்னபடி இருக்கிறது. வெளுப்புப் பகுதி மட்டும் வெள்ளையாக இல்லை, மங்கின பழுப்பாக இருக்கிறது. சாயம் அடித்திருக்கிறார்களா?

வால்டாக்ஸ்_மரம் · ஆகஸ்ட் 21, பகல் 12.30

சாயம் இல்ல, ஆவி. பச்சைப் பலகையை மூடின அறையில வெச்சு நாள்கணக்குல நீராவி விடுவாங்க. வைரத்தோட நிறம் வெளுப்புக்குள்ள கசிஞ்சு ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணாயிடும். அமெரிக்காவுல இருந்து ஏத்துமதி ஆகுறதுல பெரும்பாலும் இப்படித்தான். வெளுப்பை வெட்டிக் கழிக்கறது மிச்சம்.

ஆவி காட்டாம காத்துல காஞ்ச பலகையில ஊதா, செம்பு, பச்சைன்னு உள்ளுக்குள்ள ஓடும். ஆவி காட்டினதுல அது போயிடும். சாம்பல் கலந்த பழுப்புதான் மிஞ்சும். அதனால ஆவி காட்டினது மட்டம், எடுக்காதீங்க.

பாலிஷ்_பட்டறை · ஆகஸ்ட் 21, மாலை 6.45

மட்டம்னு சொல்லாதீங்க. ஒரே அறையில நாலு அலமாரிக் கதவு, ஒரு மேசை, ஒரு டிவி யூனிட்னு இருந்தா ஆவி காட்டின பலகைதான் ஒண்ணோட ஒண்ணு சேரும். காத்துல காஞ்சதை வெச்சு அத்தனை கதவையும் ஒரே நிறத்துக்குக் கொண்டுவர சாயம் போட்டே ஆகணும், அப்ப அந்த ஊதா எங்க மிஞ்சும்? தனி மேசை, தனி நாற்காலின்னா காத்துல காஞ்சது தேடுங்க.

சாம்பல் தன்மையைப் பாலிஷ்ல சரி பண்ணலாம். ஆரஞ்சு அரக்கு ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 240 கிராம், துணியில வடிகட்டி, மெல்லிசா ரெண்டு கை. மரத்துல சூடு ஏறிடும். அதுக்கு மேல பி.யூ. (பாலியூரிதேன் பூச்சு) போடறதா இருந்தா மெழுகு நீக்கின அரக்கு வாங்குங்க, இல்லன்னா மேல போடறது பிடிக்காம உரியும். தண்ணி கலந்த பி.யூ. நேரா அடிச்சா அந்தச் சாம்பல் அப்படியே நிக்கும், செத்த மாதிரி இருக்கும்.

நிறம் மாறாதுன்னு கடையில சொன்னது தப்பு. வால்நட் வெளிச்சத்துல வெளுக்கும். மத்த பழுப்பு மரம் பலது நாளாக ஆகக் கறுக்கும், இது சாக்லேட்ல ஆரம்பிச்சு தேன் நிறத்துக்கு வரும். ஜன்னல் ஓரமா மேசை போட்டா, பூச்சாடி வெச்ச இடம் மட்டும் கறுப்பா வட்டமா நிக்கும். முதல் சில மாசம் மேல வெக்கிற பொருளை இடம் மாத்திக்கிட்டே இருங்க. வெயில் தடுக்கிற பி.யூ. வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது.

இழைப்புளி · ஆகஸ்ட் 22, காலை 8.20

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்த மரம் நம் ஊரில் கெடுவது பெரும்பாலும் ஈரத்தால். மரத்தில் குறை இல்லை, கணக்குப் போடாமல் செய்வதுதான் குறை.

அமெரிக்காவில் சூளையில் 6 முதல் 8 சதவீத ஈரத்துக்குக் காயவைத்து அனுப்புகிறார்கள். சென்னைக் காற்றில் மரம் 12 முதல் 15 சதவீதத்தில்தான் நிலைகொள்ளும். ஆக இங்கே வந்த பலகை காயாது, ஊறும். தேக்கு வேலை பழகினவர்கள் மேசை சுருங்கும் என்று எதிர்பார்த்து இணைப்பை நெருக்கிப் போடுகிறார்கள். வால்நட் வீங்கி, சட்டத்தை நெம்பிவிடுகிறது.

கணக்கு இது. சாதாரணமாக அறுத்த வால்நட் பலகை, ஈரம் ஒரு சதவீதம் ஏறினால் அகலத்தில் 0.00274 பங்கு விரியும். 3 அடி, அதாவது 900 மி.மீ. அகல மேசை, 8-லிருந்து 13 சதவீதத்துக்குப் போனால்: 900 × 0.00274 × 5 = 12 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். அரை அங்குலம். தேக்கில் அதே கணக்குக்கு 0.00186, எட்டரை மி.மீ.க்குள் முடிந்துவிடும்.

வால்நட்டையே கால்வாசி அறுப்பில், ஆரப்போக்கில் (மரத்தின் நடுவிலிருந்து பட்டைப் பக்கமாக) அறுத்து எடுத்தால் 0.0019. அதாவது சாதாரணமாக அறுத்த தேக்கு அளவுக்கு வந்துவிடும். விலை கூடும், அகலம் குறையும். மேசைக்கு அது கிடைத்தால் அந்தக் காசு வீண் இல்லை.

பெரம்பூர்_பட்டறை · ஆகஸ்ட் 22, காலை 11.00

அப்போ வால்நட் தேக்கை விட அதிகம் ஆடுகிற மரம் என்றால், துப்பாக்கிக் கட்டைக்கு ஏன் அதைத் தேடிப் போனார்கள்? அமெரிக்க ராணுவத்தின் எம்1 காரண்ட் துப்பாக்கிக் கட்டை வால்நட். முதல் உலகப் போர் விமானங்களின் புரொபெல்லருக்கும் வால்நட் போட்டார்கள். ஆடுகிற மரத்தில் யாராவது புரொபெல்லர் செய்வார்களா?

இழைப்புளி · ஆகஸ்ட் 22, பகல் 2.50

நல்ல கேள்வி. விரிவதையும் வளைவதையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பச்சை மரம் முழுக்கக் காயும்போது வால்நட் வளையத்தை ஒட்டிய போக்கில் 7.8 சதவீதம், ஆரப் போக்கில் 5.5 சதவீதம் சுருங்கும். தேக்கு 5.3, 2.6. மொத்தச் சுருக்கம் வால்நட்டில்தான் அதிகம். ஆனால் பலகை குழிந்து வளைவதும் முறுக்குவதும் இரண்டு போக்குக்கும் உள்ள வித்தியாசத்தால்தான். வால்நட்டில் அந்த விகிதம் 1.4, தேக்கில் 2. அகலம் மாறினாலும் வால்நட் உருவம் மாறாமல் நிற்கும். புரொபெல்லருக்கும் துப்பாக்கிக் கட்டைக்கும் வேண்டியது அதுதான். கூடவே அடி, உதை வாங்கினாலும் பிளக்காது. எடையும் கட்டுக்குள்: காய்ந்த மரம் கனமீட்டருக்கு ஏறக்குறைய 610 கிலோ. தேக்கு 655. ஈட்டி மரம் 830 வரும்.

அகலம் மாறட்டும் என்று இடம் விட்டுச் செய்தால் மேசை வளையாமல் உட்காரும். இடம் விடாமல் பசையோ திருகாணியோ போட்டு நாலு பக்கமும் இறுக்கினால் பிளக்கும்.

கொடுங்கையூர்_வீடு · ஆகஸ்ட் 22, இரவு 8.15

இடம் விடுவது என்றால் எப்படி? ஆசாரிக்கு நான் என்ன சொல்ல வேண்டும்? எவ்வளவு மரம் வாங்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். அவர்கள் போர்டு ஃபுட் என்கிறார்கள், ஆசாரி கன அடி என்கிறார்.

வால்டாக்ஸ்_மரம் · ஆகஸ்ட் 22, இரவு 10.10

மரக் கணக்கு நான் சொல்றேன். 12 போர்டு ஃபுட் ஒரு கன அடி. அவ்வளவுதான்.

தடிமனை அவங்க அங்குலத்தைக் கால் காலாப் பிரிச்சு எழுதுவாங்க. 4/4ன்னா ஒரு அங்குலம், 5/4 ஒண்ணேகால், 8/4 ரெண்டு. எல்லாம் இழைக்காத அளவு. 4/4 இழைச்சு முடிச்சா 20 மி.மீ. கிட்டத்தான் நிக்கும். முடிஞ்ச மேசை ஒரு அங்குலம் வேணும்னா 5/4 எடுங்க, 27 மி.மீ. வரை எடுக்கலாம்.

6 × 3 × 1¼ = 22½ போர்டு ஃபுட். இது மரம் முழுக்க நல்லா இருந்தா. வால்நட்ல அப்படி இருக்காது. கணு, வெளுப்பு, முனை வெடிப்புன்னு இன்னும் மூணுல ஒரு பங்கு கூடச் சேர்த்துக்கோங்க. 30 போர்டு ஃபுட் வாங்குங்க, அதாவது ரெண்டரை கன அடி. மேசைக்கு மேல்பலகைக்கு மட்டும் இந்தக் கணக்கு. காலும் சட்டமும் தனி.

முதல் தரம்னு எழுதியிருந்தாலும் வால்நட்டுக்குத் தர விதி மத்த மரத்தை விட இளக்கம். குறைஞ்ச நீளம், குறைஞ்ச அகலம் ஒத்துக்குவாங்க, வெளுப்பைக் குறையாவே கணக்குல எடுக்க மாட்டாங்க. அதனால கட்டை கட்டையாப் பிரிச்சுப் பார்த்து எடுங்க. சைடன்ஹாம்ஸ் ரோட்ல பிளைவுட் எடுக்கற மாதிரி போன்ல சொல்லி இறக்கிக்காதீங்க.

காசிமேடு_ஆசாரி · ஆகஸ்ட் 23, காலை 6.50

வந்ததும் அறுக்காத. அடுக்கி வை. தரையில இருந்து அரையடி உசரத்துல கட்டை, பலகைக்கு நடுவுல முக்கால் அங்குல ரீப்பர் குச்சி, ஒண்ணரை அடிக்கு ஒண்ணு, மேலேருந்து கீழ வரைக்கும் ஒரே கோட்டுல. குச்சி கோடு மாறினா பலகை அங்கயே வளையும். வெயில் படக்கூடாது, மொட்டைமாடி ஷெட்டு கூடவே கூடாது. மேசை எந்த ரூம்ல நிக்கப்போவுதோ அந்த ரூம்ல அடுக்கு.

மீட்டர் இல்லன்னா ஒரு துண்டை அறுத்து சமையல் தராசுல வாரத்துக்கு ஒருதரம் நிறுத்து எழுதிக்க. ரெண்டு வாரம் எடை ஏறாம நின்னுச்சுன்னா இழைக்கலாம். மூணு நாலு வாரம் ஆவும். ஆசாரி அவசரப்படுத்துவான், விட்டுக்குடுக்காத.

இழைப்புளி · ஆகஸ்ட் 23, காலை 10.30

ஏசி அறையா இல்லையா என்று நீங்கள் சொல்லவில்லை. நாள் முழுக்க ஏசி ஓடுகிற அறையில் மரம் 9, 10 சதவீதத்தில் நிற்கும். ஏசி இல்லாத கூடத்தில் அடுக்கி ஊறவைத்து, பிறகு ஏசி அறையில் கொண்டுபோய் வைத்தால் இப்போது சுருங்கும். அடுக்குவது அதே அறையில் என்று ஆசாரி சொன்னது அதற்காகத்தான்.

மேல்பலகையைக் கட்டுவது:

நடுவில், நீளவாக்கில் ஒரே கோட்டில் மட்டும் இறுக்கமான திருகாணி. இரண்டு பக்கமும் பலகை நகர வேண்டும். மொத்தம் 12 மி.மீ. என்றால் பக்கத்துக்கு 6. குறுக்குச் சட்டத்தில் 5 மி.மீ. திருகாணிக்கு 5 × 18 நீள்துளை போடுங்கள். வாசர் வைத்து, கையால் திருகி, கடைசி இழுப்பு இழுக்காமல் விடுங்கள்.

திருகாணி நீள்துளையில் எங்கே நிற்க வேண்டும் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். எல்லாரும் நடுவில் வைக்கிறார்கள். பலகை இன்னும் உலர்வாக, 8, 9 சதவீதத்தில் இருக்கும்போது கட்டினால், அது இனி வெளிப்பக்கமாகத்தான் போகும். திருகாணி துளையின் உள்முனையில் இருக்க வேண்டும், போகிற பக்கம் முழு இடமும் காலியாக. அடைமழைக் காலத்தில், 14 சதவீதத்தில் கட்டினால் நேர் எதிர்: வெளிமுனையில். ஐப்பசியில் கட்டின மேசையும் கத்திரி வெயிலில் கட்டின மேசையும் ஒரே மாதிரிக் கட்டப்படக்கூடாது.

இரண்டு தலைப்பிலும் குறுக்குப் பலகை வைத்து மூடுவதாக இருந்தால், நடுவில் நாலு அங்குலத்துக்கு மட்டும் பசை. மற்ற இடத்தில் நாக்கு பசையில்லாமல் காடியில் ஓட வேண்டும். மழைக்காலத்தில் மேல்பலகை குறுக்குப் பலகையை விட ஓரத்தில் சில மி.மீ. வெளியே தள்ளும். அது குறை இல்லை. இழைத்துச் சமப்படுத்தினால் கோடையில் உள்ளே போய்விடும்.

பெரம்பூர்_பட்டறை · ஆகஸ்ட் 23, மாலை 5.20

விரிசல் ஓடாமல் பிடிக்க, இடுப்பு ஒடுங்கின பட்டாம்பூச்சிக் கட்டை வைக்கலாமா? விரிசல் உள்ள பலகை மலிவாக வருகிறது.

இழைப்புளி · ஆகஸ்ட் 24, காலை 9.00

வைக்கலாம். விரிசலோடு பிளாக் வால்நட் பலகையை மேசையாக்குவதை உலகத்துக்குப் பழக்கியவர் ஜார்ஜ் நகாஷிமா. புதுச்சேரி ஆசிரமத்தின் கோல்கொண்டே கட்டடத்தில் 1930-களில் வேலை பார்த்த அதே மனிதர். பிறகு பென்சில்வேனியாவில் நியூ ஹோப்பில் பட்டறை போட்டு, வெட்டிய மரத்தின் ஓரத்தை அப்படியே விட்டு, விரிசலுக்குக் குறுக்கே பட்டாம்பூச்சிக் கட்டை பதித்தார். இங்கிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில் அந்தக் கட்டடம் நிற்கிறது. மரவேலைக்காரர்கள் ஒருமுறை பார்க்க வேண்டும்.

கட்டையின் இழை விரிசலுக்குக் குறுக்காக ஓட வேண்டும், ஒட்டி ஓடினால் இடுப்பில் ஒடிந்துவிடும். ஆழம் பலகைத் தடிமனில் பாதி. வால்நட்டை விடக் கடினமான மரம், ஈட்டித் துண்டு கிடைத்தால் அது. விரிசல் முனைக்கு அருகில் ஒன்று கட்டாயம். பலகை ஊர்க் காற்றுக்குப் பழகிய பிறகுதான் பதிக்க வேண்டும், விரிசல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போது பதித்தால் பக்கத்தில் புதிதாக வெடிக்கும்.

வியாசர்பாடி_கேரம் · ஆகஸ்ட் 24, இரவு 7.40

கேரம் சட்டத்தை எல்லாரும் மறந்துட்டீங்க. வேணாம்னு மட்டும் சொன்னீங்க, ஏன்னு சொல்லல.

விதிப்படி ஆடுதளம் 73.5லேருந்து 74 செ.மீ. சதுரம். சட்டம் ஈட்டி மாதிரி கடினமான மரம். ஸ்ட்ரைக்கர் 15 கிராம் வரைக்கும். ஒரு நாளைக்கு நூத்துக்கணக்குல அந்தச் சட்டத்துல மோதும், அதுவும் ஒரே உயரத்துல, ஒரே கோட்டுல. ஜன்கா கடின அளவுல வால்நட் 1010, ஈட்டி 2440. பாதிக்கும் கம்மி. கோட்டுல பள்ளம் விழும். பள்ளம் விழுந்தா கட் ஷாட் அடிக்கற கோணம் இடத்துக்கு இடம் மாறும். வெயிட்டும் கம்மி, சட்டம் அடியை வாங்கி ஆடும், திரும்பி வர்ற வேகம் செத்துடும். புது வண்ணாரப்பேட்டை காசிமா 2024ல அமெரிக்காவுல உலகப் போட்டியில தங்கம் வாங்கின ஊர் இது. பையன் பழகற போர்டுலயே ரிட்டர்ன் சரியா இருக்கணும்.

கருவேலம் சட்டம் போடுங்க. ஈட்டியை விட விலை குறைவு.

காசிமேடு_ஆசாரி · ஆகஸ்ட் 25, காலை 7.10

வால்நட் அழகு வேணும்னா ஒரு வழி இருக்கு. ஸ்ட்ரைக்கர் மோதுற உள்பக்கம் ஒரு அங்குலத்துக்கு கருவேலம், வெளிப்பக்கம் மிச்ச அகலத்துக்கு வால்நட். ரெண்டு இழையும் நீளவாக்கில ஒட்டி ஓடுறதால சண்டை போடாது. ரெண்டையும் ஒட்டி, காஞ்ச பொறவு சேர்த்து இழைச்சுட்டு, அப்புறம் மூலை 45 அறு. முதல்லயே மூலை அறுத்து ஒட்டினா கோடு சேராது.

பாலிஷ்_பட்டறை · ஆகஸ்ட் 25, பகல் 3.30

ஆசாரி சொன்னது நல்ல யோசனை. பாலிஷ் போடறப்போ ரெண்டு மரமும் சேர்ந்து தெரியணும்னு கருவேலத்துக்கு வால்நட் சாயம் போடாதீங்க. கொஞ்ச வருசத்துல வால்நட் வெளுக்கும், சாயம் போட்டது வேற மாதிரி வெளுக்கும். ரெண்டும் ரெண்டா இருக்கட்டும்.

மணலி_32 · செப்டம்பர் 2, காலை 10.00

திடப் பலகை விலை கேட்டுத் தலை சுத்துது. வெனீர், மெல்லிசாச் சீவின மரத் தாள், அது போட்டா என்ன?

இழைப்புளி · செப்டம்பர் 2, இரவு 9.30

அலமாரிக் கதவு, சுவர்ப் பலகை, கட்டில் தலைப்பக்கம் இதற்கெல்லாம் வெனீர்தான் சரியான வழி. அகலம் மாறுகிற தலைவலியே இல்லை. மரத்தையும் வீணாக்காது.

கடையில் வருவது அரை மி.மீ. தடிமன், 4 மி.மீ. பிளைவுட்டில் ஒட்டியது. மெஷின் வைத்துத் தேய்த்தால் ஓரத்தில் கிழிந்துவிடும். 180, பிறகு 240, கையால், கட்டை வைத்து, இழைப்போக்கில் மட்டும். 19 மி.மீ. பிளைவுட்டின் முன்பக்கம் வெனீர் ஒட்டினால் பின்பக்கமும் அதே அளவு ஏதாவது ஒட்ட வேண்டும். பின்பக்கம் சும்மா விட்டால் கதவு வில்லாக வளைந்து பூட்டு சேராது. ஓரத்துக்கு வெனீர் டேப் வேண்டாம், 8 மி.மீ. திட வால்நட் பட்டை ஒட்டுங்கள், கை படுகிற இடம் அது.

ஷீட் எடுக்கும்போது அடுத்தடுத்த எண் உள்ளதாகக் கேளுங்கள். ஒரே கட்டையில் அடுத்தடுத்து சீவியவை, கதவுக்குக் கதவு ரேகை சேர்ந்து வரும். ரேகை ஒரே தூரத்தில் திரும்பத் திரும்ப வந்தால் அது மலிவு மரத்தைச் சாயமேற்றி அழுத்திச் செய்த ரீகான். அது தவறில்லை, அந்த விலைக்கு வாங்கினால்.

கொடுங்கையூர்_வீடு · செப்டம்பர் 20, காலை 8.50

பலகை எடை நின்றுவிட்டது. இழைக்க ஆரம்பித்தாயிற்று. கிளை பிரிகிற கவைப் பகுதி ஒன்றில் சுருள் சுருளாக அழகாக ரேகை, ஆனால் பிளேனரில் விட்டால் பிய்ந்து பிய்ந்து வருகிறது. இன்னொன்று, ஒரு பலகையில் இரண்டே நாளில் நீலப் புள்ளிகள் தூவினது போல.

காசிமேடு_ஆசாரி · செப்டம்பர் 20, பகல் 1.00

நேர் இழைக்கு வால்நட் மாதிரி சுகமான மரம் இல்ல, உளி வெண்ணெயில போற மாதிரி போவும். கவையில இழை நாலா பக்கம் திரும்பும். பிளேனர்ல கடைசி அரை மி.மீ.யை விட்டுடு. இழைப்புளி பிளேடைப் புதுசா தீட்டி, மேல்பிளேடை முனைக்கு ரொம்ப கிட்ட கொண்டா, வாயைக் குறுக்கிப் பிடி, சாய்வா இழை. அப்பவும் பிஞ்சா சுரண்டி. பிளேட் மழுங்கினா அங்கேயே நிறுத்து. இழைக்கறதுக்கு முன்னாடி ஈரத்துணியால லேசா தொடைச்சா இழை கொஞ்சம் வளைஞ்சு குடுக்கும்.

இழைப்புளி · செப்டம்பர் 20, மாலை 6.10

நீலப் புள்ளி இரும்புத் தூள். பக்கத்தில் வெல்டிங் பட்டறையோ கிரைண்டரோ இருந்தால் காற்றில் வந்து உட்காரும். பலகையைத் துணியால் துடைத்தாலும் துளைக்குள் தங்கிவிடும், ஈரம் பட்டதும் கறுக்கும். மரத்தை ஈரத்துணியால் துடைக்கப் போகிறீர்கள் என்றால் அதற்கு முன் காந்தம் ஓட்டிவிடுங்கள்.

விழுந்த கறைக்கு ஆக்ஸாலிக் அமிலம். ஒரு லிட்டர் வெந்நீரில் 40 கிராம். பிளாஸ்டிக் பாத்திரம், கையுறை, கண்ணாடி. அது விஷம், குழந்தைகள் பக்கம் வேண்டாம். புள்ளியில் மட்டும் தடவினால் அங்கே வெளுத்துத் திட்டாகிவிடும், பலகை முழுக்க ஒரே சீராகப் பூசுங்கள். அரை மணியில் கறை போகும். பிறகு தாராளமாகத் தண்ணீரில் கழுவி, முழுக்கக் காயவிட்டு, 220-ல் தேயுங்கள். தேய்க்கும்போது முகமூடி கட்டாயம், மிஞ்சின அமிலத் தூள் மூச்சில் போகக்கூடாது. இரும்பு நாரை இந்த மரத்தின் பக்கமே கொண்டுவராதீர்கள். நைலான் தேய்ப்பான் போதும்.

பாலிஷ்_பட்டறை · அக்டோபர் 24, காலை 11.40

மழை ஆரம்பிச்சாச்சு. பாலிஷ் போடறவங்க கவனிங்க. காத்துல ஈரம் 80ஐத் தாண்டினா லாக்கர், மெலமைன், அரக்கு எல்லாமே மேல வெள்ளை பூக்கும். வால்நட் கறுப்பா இருக்கறதால பனி படிஞ்ச மாதிரி பளிச்னு தெரியும். ரெண்டு பாகம் கலக்கற பி.யூ.வில கொப்புளம் வரும். பூத்துப்போன லாக்கர் மேல ரிடார்டர் தின்னரை (காயறதை மெதுவாக்கறது) மெல்லிசா அடிச்சா பெரும்பாலும் தெளியும். பூக்காம இருக்க வழி, காலை 11 மணிக்கு மேல, மழை விட்ட நாள்ல மட்டும் அடிக்கறது.

அவசரம்னா எண்ணெய் போடுங்க. கொதிக்கவெச்ச ஆளி விதை எண்ணெயோ டங் எண்ணெயோ, துணியில தாராளமா தேய்ச்சு, 20 நிமிசம் விட்டு, ஒட்டாம முழுக்கத் துடைச்சு எடுத்துடணும். மழை நாள்ல காய ரெண்டு மடங்கு நேரம் ஆகும். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில போடாதீங்க. தானாச் சூடேறித் தீப்பிடிக்கும். விரிச்சுக் கொடியில போட்டுக் காயவெச்சு, விறைப்பான பிறகு போடுங்க, இல்லன்னா தண்ணியில முக்கி மூடி வைங்க.

கண்ணாடி மாதிரி வழவழப்பு வேணும்னா துளையை நிரப்பாம வராது. வால்நட்டுக்கு நடுத்தரத் துளை. நிறம் சேர்த்த ஃபில்லர் இழைக்குக் குறுக்கா தேய்ச்சு, காயற நேரத்துல சாக்குத்துணியால துடைச்சு எடுங்க. மேசைக்கு என் அபிப்ராயம், நிரப்பாதீங்க. கை வெச்சா மரம்னு தெரியணும்.

மணலி_32 · அக்டோபர் 25, காலை 9.15

சீவல் மூட்டை மூட்டையா கிடக்கு. மாடித்தோட்டத்துக்குப் போடலாமா?

இழைப்புளி · அக்டோபர் 25, பகல் 12.05

தக்காளித் தொட்டிக்கு வேண்டாம். வால்நட் மரத்தில் ஜூக்லோன் என்ற பொருள் இருக்கிறது, தக்காளிச் செடியை வாடவைக்கும்.

குதிரை கட்டுகிற இடத்துக்குக் கட்டாயம் கொடுக்காதீர்கள். கீழே விரிக்கிற சீவலில் ஐந்தில் ஒரு பங்கு புது பிளாக் வால்நட் கலந்திருந்தாலே குதிரைக்குக் குளம்பு வீங்கி நொண்டும். மூட்டையை எடுத்துப்போக வருகிறவரிடம் எதற்கு என்று கேட்டுக் கொடுங்கள். மற்ற மரச் சீவலோடு கலக்காமல் தனி மூட்டையாகக் கட்டி, மேலே எழுதி வையுங்கள்.